யாரையும் தெரியாமல் ஃப்ரீமேசன் ஆக முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ரீமேசன்ரியில் சேர ஆசைப்படுகிறவர்களில் நிறைய பேருக்கு உள்ளே ஒருவரைக்கூடத் தெரியாது. அப்பாவோ தாய்மாமனோ மேசனாக, அதாவது அதன் உறுப்பினராக, இருந்தால் வீட்டிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அந்த வசதி இல்லாதவர்கள் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான் என்பதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். இந்திய நடைமுறை, அதிலும் தமிழ்நாட்டில் இருக்கும் ஒருவர் என்ன செய்ய வேண்டும் என்பதை மனத்தில் வைத்து எழுதியது இது. மற்ற நாடுகள் வரும் இடத்தில் அதைக் குறிப்பிட்டிருக்கிறோம்.

ஃப்ரீமேசன்ரின்னா என்ன? மதமா, கிளப்பா, ரகசியச் சங்கமா?

கல்தச்சர்களின் கருவிகளையும் வழக்கங்களையும் உருவகமாக வைத்து ஒழுக்கப் பாடங்களைச் சொல்லித்தரும் ஒரு சகோதர அமைப்பு. மூலைமட்டம், கவராயம், ரசமட்டம், தூக்குக்குண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பாடம் உண்டு. உறுப்பினர்கள் சேர்ந்து நடத்தும் கிளைக்கு லாட்ஜ் என்று பெயர். பல லாட்ஜுகளுக்குமான தலைமை அமைப்பு கிராண்ட் லாட்ஜ். முதல் கிராண்ட் லாட்ஜ் 1717 ஜூன் 24 அன்று லண்டனில் உருவானது.

இதற்கென்று தனிக் கடவுளோ வேதமோ கிடையாது. ஆகவே மதம் அல்ல. ரகசியச் சங்கம் என்பதும் சரியாக வராது. கட்டடத்தில் பெயர்ப்பலகை இருக்கிறது, இணையதளம் இருக்கிறது, உறுப்பினர் தான் மேசன் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம். ஒருவரை ஒருவர் அடையாளம் காண்பதற்கான சைகை, கைகுலுக்கல், சொல் ஆகியவற்றையும் சடங்கின் சில பகுதிகளையும் மட்டும் வெளியே சொல்வதில்லை.

எனக்கு ஒரு மேசனையும் தெரியாது. அப்படியும் சேர முடியுமா?

முடியும். ஆள் தெரியாததைக் குறையாகவே நினைக்க வேண்டாம். விண்ணப்பத்தில் இரண்டு உறுப்பினர்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்பது உண்மை. ஆனால் அந்த இருவரும் உங்களுக்குப் பத்து வருடப் பழக்கமாக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் தொடர்பு கொண்ட பிறகு லாட்ஜுக்காரர்கள் உங்களைச் சந்தித்துப் பழகி, திருப்தி ஏற்பட்டதும் கையெழுத்துப் போடுவார்கள். பின்னால் வரும் காத்திருப்பு முழுவதும் இந்தப் பழக்கத்துக்காகத்தான்.

அவங்களா வந்து கூப்பிடுவாங்கன்னு சொல்றாங்களே?

கூப்பிட மாட்டார்கள். பலர் வருடக்கணக்கில் காத்திருந்து ஏமாறுவது இதில்தான். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொந்த விருப்பத்தில் வருகிறேன் என்று சேரும்போது நீங்கள் உறுதி சொல்ல வேண்டியிருக்கும். அந்த உறுதி உண்மையாக இருக்க வேண்டும் என்பதற்காகவே மேசன்கள் ஆள் பிடிப்பதில்லை. உங்களோடு தினமும் வேலை பார்க்கும் ஒருவர் மேசனாக இருந்தும், நீங்கள் கேட்கும்வரை வாயைத் திறக்காமல் இருக்கலாம். ‘ஆக வேண்டுமானால், ஆனவரைக் கேள்’ என்பது அவர்களிடையே உலகம் முழுக்கப் புழங்கும் பேச்சு.

சேர என்ன தகுதி வேணும்? படிப்பு, சொத்து எல்லாம் பார்ப்பாங்களா?

ஆணாக இருக்க வேண்டும். இந்தியாவில் பொதுவாக 21 வயது நிறைந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் 18 போதும். எல்லாவற்றுக்கும் மேலான ஒரு பரம்பொருளை நம்ப வேண்டும். நல்ல பெயர் இருக்க வேண்டும். குடும்பத்தின் கையைக் கடிக்காமல் சந்தா கட்டும் அளவுக்கு வருமானம் வேண்டும்.

பட்டம், சொத்து, பதவி எதுவும் நிபந்தனை இல்லை. ஆனால் சடங்குகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், அதுவும் பழைய ஆங்கிலத்தில் நடக்கும். மனப்பாடமும் உண்டு. கேட்டுப் புரிந்துகொண்டு திருப்பிச் சொல்லும் அளவுக்கு ஆங்கிலம் இருந்தால்தான் உங்களுக்கே ரசிக்கும். குற்ற வழக்கில் தண்டனை பெற்றிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மறைத்தது பிற்பாடு தெரியவந்தால், குற்றத்தைவிட மறைத்ததே பெரிய காரணமாகிவிடும்.

சரி, முதல்ல யாருக்கு எழுதணும்?

இந்தியாவின் கிராண்ட் லாட்ஜ் 1961 நவம்பர் 24 அன்று டெல்லியில் நிறுவப்பட்டது. அதன் கீழ் வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு என நான்கு பிராந்திய கிராண்ட் லாட்ஜுகள். தெற்குக்குத் தலைமையிடம் சென்னை. எழும்பூர் எத்திராஜ் சாலையில் உள்ள ஃப்ரீமேசன்ஸ் ஹாலைப் பலர் வெளியிலிருந்து பார்த்திருப்பீர்கள். கிராண்ட் லாட்ஜின் அதிகாரபூர்வ இணையதளம் வழியாக விசாரிக்கலாம், அல்லது பிராந்திய அலுவலகத்துக்குக் கடிதம் எழுதலாம். கோவை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களிலும் லாட்ஜுகள் உண்டு. நீங்கள் எழுதியதை உங்கள் ஊருக்கு அருகிலுள்ள லாட்ஜின் செயலாளருக்கு அனுப்பிவைப்பார்கள்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பெயர், வயது, வசிக்கும் ஊர், எத்தனை வருடமாக அங்கே இருக்கிறீர்கள், என்ன வேலை, தொலைபேசி எண், எந்தக் கிழமைகளில் மாலை நேரம் ஒழியும், ஏன் சேர நினைக்கிறீர்கள் (மூன்று நான்கு வரி போதும்). உள்ளே யாரையும் தெரியாது என்பதையும் எழுதுங்கள். அதை எழுதாவிட்டால் ‘யார் மூலமாக வருகிறீர்கள்’ என்று கேட்டு ஒரு கடிதமும் உங்கள் பதிலுக்கு இன்னொரு கடிதமும் என்று நாள் போகும். ஆதார் நகல், வங்கி விவரம், பணம் எதையும் இந்தக் கட்டத்தில் அனுப்ப வேண்டாம்.

மெயில் போட்டு ஒரு மாசம் ஆச்சு. பதிலே வரலை. வேண்டாம்னு அர்த்தமா?

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். லாட்ஜ் செயலாளர் சம்பள ஊழியர் இல்லை. பகலில் தன் வேலையைப் பார்த்துவிட்டு ராத்திரி இந்தக் கடிதங்களைத் திறப்பவர். பெரும்பாலான லாட்ஜுகள் மாதம் ஒரு முறைதான் கூடும் என்பதால் உங்கள் கடிதத்தைப் பற்றிப் பேசவே அடுத்த கூட்டம் வர வேண்டும். ஒரு மாதம் கழித்து மரியாதையாக ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் நேரில் போய் எழுத்தரிடம் கேளுங்கள். நேரில் வந்த ஆளின் கடிதம் மேசையில் மேலே வந்துவிடும். வாரம் மூன்று முறை போன் செய்வது மட்டும் வேண்டாம். பொறுமை இல்லாதவர் என்ற எண்ணம் விழுந்தால் மாற்றுவது கஷ்டம்.

பொது நிகழ்ச்சி எதுக்காவது போய் அறிமுகம் ஆகிக்கலாமா?

நல்ல வழி. நவம்பர் 24ஐ ஒட்டி இந்திய மேசன்கள் தங்கள் தினத்தைக் கொண்டாடுவார்கள். அந்தச் சமயத்தில் ரத்ததானம், மருத்துவ முகாம் போன்றவை வெளியாட்களுக்கும் திறந்திருக்கும். கோவையில் குழந்தைகளுக்கான மேசானிக் மருத்துவ மையம் இருக்கிறது. அதுபோன்ற அறப்பணிகளைச் சுற்றியும் உறுப்பினர்களைச் சந்திக்கலாம். சந்தித்தவரிடம் ‘எனக்கு இதில் விருப்பம் உண்டு, யாரைப் பார்க்க வேண்டும்’ என்று ஒரே வரியில் கேளுங்கள். அவர் சட்டையில் மூலைமட்டம்–கவராயச் சின்னம் குத்தியிருந்தால், அதைப் பற்றிக் கேட்பதை அவர் ஒருபோதும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

முன்மொழியவும் வழிமொழியவும் ஆள் இல்லாம விண்ணப்பமே வாங்க மாட்டாங்களாமே?

ஆமாம், விண்ணப்பப் படிவத்தில் அந்த லாட்ஜின் உறுப்பினர்கள் இருவர் கையெழுத்து வேண்டும். இங்கிலாந்து மரபைப் பின்பற்றும் படிவங்களில் உங்களை எவ்வளவு காலமாகத் தெரியும் என்ற கேள்வியும் இருக்கும். ‘நேற்றுத்தான் பார்த்தேன்’ என்று எழுதக் கையெழுத்துப் போடுகிறவருக்கு மனம் வராது. அதனால்தான் படிவம் கைக்கு வரும் முன்பே ஒரு காபி, ஒரு இரவு உணவு, குடும்பத்தோடு ஒரு விழா என்று நாலைந்து சந்திப்புகள் நடக்கும்.

இந்தச் சந்திப்புகளை முகஸ்துதிக்கு வாய்ப்பாக நினைக்காதீர்கள். உங்கள் பெயரைச் சொல்லிச் சபையில் எழுந்து நிற்கப்போகிறவர் அவர். நீங்கள் பின்னாளில் தப்பு செய்தால் எல்லோரும் முதலில் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்களும் அதே சமயத்தில் அந்த லாட்ஜை எடை போட்டுக்கொள்ளுங்கள். சில லாட்ஜுகளில் மூத்தவர்கள் அதிகம், சிலவற்றில் முப்பதுகளில் இருப்பவர்கள் அதிகம். சில லாட்ஜுகள் சடங்கைத் துல்லியமாகச் செய்வதில் பேர்போனவை, சிலவற்றில் விருந்தும் குடும்ப நிகழ்ச்சிகளும் தூக்கல். சென்னை போன்ற ஊரில் பல லாட்ஜுகள் ஒரே கட்டடத்தில் வேறு வேறு நாட்களில் கூடுவதால், உங்களுக்கு ஒத்துவராத இடத்தில் மரியாதைக்காகக் கையெழுத்துப் போட வேண்டிய அவசியம் இல்லை.

நேர்காணல்ல என்ன கேட்பாங்க? எப்படித் தயாராகறது?

நாலைந்து மூத்த உறுப்பினர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அரைமணி நேரம், முக்கால் மணி நேரம் பேசுவார்கள். கேள்விகள் பெரும்பாலும் இவை: கடவுள் நம்பிக்கை உண்டா? எதற்காகச் சேர வருகிறீர்கள்? ஃப்ரீமேசன்ரியைப் பற்றி என்ன கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? வீட்டில் சம்மதமா? மாதம் ஒரு மாலை ஒதுக்க முடியுமா? சந்தா சுமையாக இருக்காதே? வழக்கு, திவால் ஏதாவது உண்டா? வேறு லாட்ஜில் விண்ணப்பித்து மறுக்கப்பட்டிருக்கிறீர்களா?

மதத்தைப் பற்றிய கேள்வி ‘நம்புகிறீர்களா’ என்பதோடு நிற்கும். எந்தக் கோயிலுக்குப் போகிறீர்கள், எத்தனை முறை தொழுகிறீர்கள் என்று துருவ மாட்டார்கள். பலர் சறுக்குவது ‘எதற்காக’ என்ற கேள்வியில். ‘நெட்வொர்க்கிங்’ என்று சொன்னவர்களின் கோப்பு அங்கேயே நின்றுவிடும். இணையத்தில் படித்த தத்துவத்தை ஒப்பிப்பதும் எடுபடாது. நல்ல நட்பு வேண்டும், வழக்கத்தை ஒழுங்காகப் பின்பற்றும் ஓர் இடம் வேண்டும், தாத்தா மேசனாக இருந்தார் என்று கேள்விப்பட்டு ஆர்வம் வந்தது... எது உண்மையோ அதைச் சொன்னால் போதும்.

நீங்களும் கேளுங்கள். சேர்க்கைக் கட்டணம் எவ்வளவு, வருடச் சந்தா எவ்வளவு, ஒவ்வொரு கூட்டத்து விருந்துக்கும் தனியாக எவ்வளவு, கூட்டம் எந்தக் கிழமை, வருடத்தில் எத்தனை. இதைக் கேட்பதை அநாகரிகமாக யாரும் நினைக்க மாட்டார்கள்.

கருப்புப் பந்து போட்டா அவ்வளவுதானா? அது நிஜமாவே நடக்குதா?

நடக்கிறது. உங்கள் பெயர், வயது, தொழில், முகவரி, முன்மொழிந்தவர் பெயர் எல்லாம் கூட்ட அழைப்பிதழில் அச்சாகி எல்லா உறுப்பினர்களுக்கும் போகும். கூட்டத்தன்று ஒரு மரப்பெட்டி சுற்றி வரும். மணிக்கட்டுவரை கை நுழையும் அளவுக்கு அதில் ஒரு வாய். உள்ளே இரண்டு அறைகள், அல்லது ஒரே அறைக்கு வெள்ளை, கருப்பு என இரண்டு நிறப் பந்துகள். வெள்ளை என்றால் சம்மதம், கருப்பு என்றால் மறுப்பு. கை உள்ளே மறைந்துவிடுவதால் பக்கத்தில் நிற்பவருக்குக்கூட எது விழுந்தது என்று தெரியாது. கடைசியில் பெட்டியைத் தலைவர் முன்னால் திறந்து பார்ப்பார்கள்.

எத்தனை கருப்பு விழுந்தால் மறுப்பு என்பது இடத்துக்கு இடம் மாறும். இங்கிலாந்தின் பொதுவிதி மூன்று. லாட்ஜ் தன் துணைவிதியில் அதை இரண்டாகவோ ஒன்றாகவோ குறைத்துக்கொள்ளலாம். யார் போட்டார், ஏன் போட்டார் என்று யாரும் கேட்கக் கூடாது, சொல்லவும் கூடாது. உண்மையில் பெட்டிவரை வந்து மறுக்கப்படுகிறவர்கள் குறைவு. யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் முன்கூட்டியே செயலாளர் காதில் போடுவார்கள், முன்மொழிந்தவர் உங்கள் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொள்வார். ஆகவே ‘கொஞ்ச நாள் போகட்டும்’ என்று உங்களிடம் சொன்னால் அதற்குப் பின்னால் இப்படி ஒரு பேச்சு நடந்திருக்கலாம். கோபப்படாமல் ஏற்றுக்கொள்கிறவருக்குப் பிறகு கதவு திறக்கும் வாய்ப்பு உண்டு.

மொத்தம் எவ்வளவு நாள் ஆகும்?

யாரையும் தெரியாமல் தொடங்கினால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழக்கம், நேர்காணல், ஒரு கூட்டத்தில் முன்மொழிவு, இன்னொரு கூட்டத்தில் வாக்கெடுப்பு, அதன்பின் சடங்குக்குத் தேதி. ஒவ்வொன்றுக்கும் மாதக் கூட்டம் வர வேண்டும். ‘அடுத்த வாரமே சேர்த்துவிடுகிறோம்’ என்று யாராவது சொன்னால், கீழே மோசடிகள் பற்றிச் சொல்லியிருப்பதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

எவ்வளவு செலவாகும்?

லாட்ஜுக்கு லாட்ஜ் வேறுபடும் என்பதால் தொகை சொல்லி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. செலவின் தலைப்புகள் இவை: ஒருமுறை கட்டும் சேர்க்கைக் கட்டணம், வருடச் சந்தா, கூட்டத்துக்குப் பின் விருந்து, அறநிதிக்கு உங்கள் விருப்பப்படி. உடைக்கு அடர் நிற சூட், வெள்ளைச் சட்டை, டை, கருப்பு ஷூ, வெள்ளைக் கையுறை. கூட்டத்தில் இடுப்பில் கட்டும் ஏப்ரனைத் தொடக்கத்தில் லாட்ஜே தரும். பதவி உயர உயர வேறு ஏப்ரன், கழுத்துப்பட்டை என்று வாங்க வேண்டிவரும். பலர் கணக்கில் விடுவது அதைத்தான்.

கடன் வாங்கிச் சேர வேண்டாம். குடும்பத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு மிஞ்சியதில்தான் மேசன்ரி என்பது அவர்களே திரும்பத் திரும்பச் சொல்வது.

சேர்க்கும்போது என்ன செய்வாங்க? ஆட்டை வெட்டறாங்க, சவப்பெட்டியில படுக்க வைக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன்.

ஆடும் கிடையாது, ரத்தமும் கிடையாது. முதல் நாள் சடங்கு ஒரு நாடகம்போல நடக்கும். நீங்கள் அதில் முக்கியப் பாத்திரம், மற்றவர்கள் மனப்பாடமாகப் பேசுவார்கள். கண்ணைக் கட்டுவார்கள், உடலில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது, ஒரு கால்சட்டை முழங்கால்வரை சுருட்டப்படும், சட்டை ஒரு பக்கம் விலக்கப்படும். இவை பல காலமாக வெளியே தெரிந்தவை. ஆகவே இறுக்கமான ஜீன்ஸ் வேண்டாம், தளர்வான பேன்ட் போடுங்கள். மோதிரம், சங்கிலி, கடிகாரம், சட்டைப்பையில் சில்லறை எல்லாம் கழற்ற வேண்டும். வெள்ளி அரைஞாண் கட்டியிருந்தாலோ, விரலில் இறுகிய மோதிரம் இருந்தாலோ, மாற்று மூட்டு வைத்திருந்தாலோ, முன்மொழிந்தவரிடம் முந்தைய வாரமே சொல்லிவிடுங்கள். வாசலில் நின்று தடுமாற வேண்டாம்.

சத்தியப்பிரமாணம் உண்டு. அவரவர் வேதநூலின் மேல் கைவைத்து எடுப்பது. நாட்டுக்கும் மதத்துக்கும் குடும்பத்துக்கும் நீங்கள் செய்ய வேண்டிய கடமைகளுக்கு அதில் எதுவும் முரணில்லை என்று முன்னதாகவே உறுதி கூறுவார்கள். பழைய காலத்து உடல் தண்டனை வாசகங்களை இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜ் 1986இல் பிரமாணத்திலிருந்து நீக்கியது. மேற்கொண்டு நடப்பதை இணையத்தில் தேடிப் படிக்காதீர்கள் என்பது எங்கள் அழுத்தமான ஆலோசனை. படித்துவிட்டுப் போனால் அடுத்து என்ன என்று எண்ணிக்கொண்டே நிற்பீர்கள். அந்த மாலை வாழ்க்கையில் ஒரே முறைதான்.

இந்த முதல் படி ‘என்டர்ட் அப்ரெண்டிஸ்’, அதாவது பயிலுநர். அடுத்தது ‘ஃபெலோ கிராஃப்ட்’, மூன்றாவது ‘மாஸ்டர் மேசன்’. ஒவ்வொரு படிக்கும் நடுவில் இடைவெளி உண்டு. முந்தைய படியைப் பற்றிய கேள்விகளுக்குச் சபையில் மனப்பாடமாகப் பதில் சொன்ன பிறகே அடுத்தது.

சாதி, மதம் பார்ப்பாங்களா?

இன்று கிடையாது. இந்திய லாட்ஜுகளில் பகவத் கீதை, குர்ஆன், பைபிள், குரு கிரந்த் சாகிப், ஜெண்ட் அவெஸ்தா போன்ற நூல்கள் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருக்கும். மதத்தையும் அரசியலையும் பற்றி லாட்ஜுக்குள் விவாதிக்கத் தடை.

வரலாறு இவ்வளவு சுமுகமாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆற்காட்டு நவாபின் மூத்த மகன் உம்தத் உல் உமரா 1770களிலேயே திருச்சிராப்பள்ளியில் மேசன் ஆனார். ஆனால் கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் என்ற வணிகர், இந்து என்பதற்காக ஆண்டுக்கணக்கில் தடுக்கப்பட்டு, இங்கிலாந்துவரை முறையிட்டு, 1872இல்தான் உள்ளே வந்தார். அவர் திறந்த கதவு வழியாக 1884இல் நரேந்திரநாத் தத்தா, பின்னாளைய விவேகானந்தர், அதே ஊரில் ‘ஆங்கர் அண்ட் ஹோப்’ லாட்ஜில் சேர்ந்தார். இன்று எந்தச் சாதிக்காரரும் தலைவர் நாற்காலியில் உட்கார முடிகிறதென்றால் தத்தின் பிடிவாதத்துக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

நான் கத்தோலிக்கன். சேரலாமா? முஸ்லிம் நண்பனும் கேட்கிறான்.

லாட்ஜ் பக்கத்தில் தடை இல்லை. திருச்சபைப் பக்கத்தில் தடை இருக்கிறது. 1738இல் போப் பன்னிரண்டாம் கிளமென்ட் விதித்தது. 1983இல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் அதை உறுதிசெய்தது. 2023 நவம்பரில் மறுபடியும் சொன்னது. 1983 அறிவிப்பின்படி, மேசனாக இருக்கும் கத்தோலிக்கர் நற்கருணை பெறக்கூடாது. மெக்காவில் 1978இல் கூடிய இஸ்லாமியச் சட்ட அறிஞர் பேரவையும் ஃப்ரீமேசன்ரிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அப்படியும் இரு சமயத்தாரும் லாட்ஜுகளில் இருக்கிறார்கள்.

நாங்கள் சொல்வது இதுதான்: உங்கள் பங்குத்தந்தையிடமோ ஆலிமிடமோ முதலில் பேசுங்கள். ‘சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று போனவர்கள் மனக்குழப்பத்தோடு விலகுவது இரண்டு பக்கத்துக்கும் வருத்தம்.

நான் கடவுள் மறுப்பாளன். பொய்யா ‘உண்டு’ன்னு சொல்லிட்டுப் போலாமா?

வேண்டாம். உள்ளே போய் நீங்கள் சொல்லும் முதல் வாக்கியங்களில் ஒன்றே பொய்யாக இருந்தால், அதன்மேல் எடுக்கும் பிரமாணத்துக்கு என்ன மதிப்பு? இந்தியாவிலும் இங்கிலாந்து மரபிலும் இந்த நிபந்தனைக்கு விலக்கு கிடையாது. பிரான்சின் கிராண்ட் ஓரியன்ட் 1877இல் இந்த நிபந்தனையை நீக்கியது. அதனாலேயே இங்கிலாந்து அதனோடு உறவை முறித்துக்கொண்டது. கடவுள் எப்படிப்பட்டவர் என்று தெரியாது, ஆனால் ஒரு மேலான சக்தியை நம்புகிறேன் என்கிறவருக்குத் தடை இல்லை. உருவம், பெயர், மார்க்கம் எல்லாம் அவரவர் விஷயம்.

பெண்கள் சேரவே முடியாதா?

மேலே சொன்ன லாட்ஜுகளில் முடியாது. 1723இல் வெளியான முதல் சட்டநூலிலேயே அப்படி எழுதப்பட்டது. ஆனால் ஆண், பெண் இருவரையும் சேர்க்கும் கோ-மேசன்ரி 1893இல் பாரிசில் தொடங்கியது. அன்னி பெசன்ட் 1902இல் அதில் சேர்ந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். அவர் தலைமை வகித்த பிரம்மஞான சபை இருக்கும் சென்னை அடையாறுக்கு அதனால் அதில் தனி இடம் உண்டு. இந்தியாவின் கிராண்ட் லாட்ஜ் அதை அங்கீகரிப்பதில்லை, இரண்டுக்கும் போக்குவரத்து இல்லை. நேர்மையாக இயங்கும் அமைப்புதான் என்பதால் ஆர்வமுள்ள பெண்கள் அங்கே விசாரிக்கலாம்.

வாட்ஸ்அப்ல ‘இல்லுமினாட்டி மேசன் ஆகு, கார், வீடு, கோடி ரூபாய்’னு செய்தி வந்துச்சு. பதிவுக் கட்டணம் மட்டும் கட்டச் சொல்றாங்க.

மோசடி. ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். மேசன்கள் ஆள் பிடிப்பதில்லை என்று முன்பே சொன்னோம். ஆகவே தானாக வந்த அழைப்பு எதுவாக இருந்தாலும் அங்கேயே சந்தேகப்படுங்கள். உண்மையான லாட்ஜ் நேரில் பார்க்காமல் யாரையும் சேர்க்காது, முகம் தெரியாதவரின் கணக்குக்கு யுபிஐ மூலம் பணம் கேட்காது, பணமோ பதவியோ தருவதாகச் சொல்லாது. இல்லுமினாட்டி என்பது 1776இல் பவேரியாவில் தொடங்கி, அடுத்த பத்து ஆண்டுக்குள் அரசால் தடை செய்யப்பட்ட வேறொரு சங்கம்.

ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு. சிறிய தொகைதானே என்று விட்டுவிட்டால், அடுத்து ‘சான்றிதழ்க் கட்டணம்’, ‘சுங்கம்’ என்று கேட்டு மிரட்டவும் செய்வார்கள்.

எங்க ஊர்ல ஒரு லாட்ஜ் இருக்கு, ஆனா இங்கிலாந்து லாட்ஜ்னு சொல்றாங்க. அது அசல்தானா?

அசலாக இருக்கலாம். 1961இல் இந்தியாவின் கிராண்ட் லாட்ஜ் உருவானபோது, அதில் இணைவதா, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து என்று தங்கள் தாய் அமைப்புகளின் கீழேயே இருப்பதா என்று லாட்ஜுகளே தேர்ந்தெடுத்துக்கொண்டன. சென்னையில் 1786இல் தொடங்கிய ‘பெர்ஃபெக்ட் யுனானிமிட்டி’ இன்றும் இங்கிலாந்தின் கீழ்தான். மெரினா காமராஜர் சாலையில் காவல்துறைத் தலைமை அலுவலகம் இருக்கும் கட்டடம் 1839இல் மேசன்களுக்காகக் கட்டப்பட்டதே.

சரிபார்க்கும் முறை எளிது. லாட்ஜின் பெயரையும் எண்ணையும் கேளுங்கள். எந்த கிராண்ட் லாட்ஜின் சாசனம் என்று கேளுங்கள். பிறகு அந்த கிராண்ட் லாட்ஜின் அலுவலகத்திடம் நேரடியாக விசாரியுங்கள், அந்த லாட்ஜ்காரர்கள் கொடுத்த தொலைபேசி எண்ணில் அல்ல. பெயர் சொல்லத் தயங்குகிற லாட்ஜில் சேர வேண்டாம். அங்கீகாரமில்லாத லாட்ஜில் சேர்ந்தால் மற்ற லாட்ஜுகளுக்குள் உங்களை விட மாட்டார்கள், பின்னால் முறையான லாட்ஜில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

சேர்ந்தா தொழிலுக்கு உதவுமா?

அதற்காகச் சேர்ந்தால் ஏமாற்றம்தான். உறுப்பினர் என்பதை வைத்து ஆதாயம் தேடுவது விதிகளுக்கே எதிரானது. நண்பர்கள் கிடைப்பார்கள், நண்பர்களுக்குள் உதவி இயல்பாக நடக்கும், அவ்வளவே.

வீட்டுல மனைவிக்கு இதுல இஷ்டமில்லை. சொல்லாம சேரலாமா?

சொல்லாமல் சேரவே கூடாது. நேர்காணலில் வீட்டுச் சம்மதத்தைக் கேட்பார்கள் என்று சொன்னோமே, சில லாட்ஜுகளில் வீட்டுக்கே வந்து பேசுவார்கள். மறுப்புக்குப் பின்னால் பெரும்பாலும் இரண்டு பயம் இருக்கும். ஒன்று பில்லி சூனியம், இன்னொன்று குடி. முதலாவதற்கு மேலே பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு: விருந்தில் பலர் மது அருந்துவார்கள், ஆனால் கட்டாயமில்லை. தண்ணீரோ பழச்சாறோ கையில் வைத்துக்கொண்டு எல்லா வாழ்த்துகளுக்கும் எழுந்து நிற்கலாம், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. சைவச் சாப்பாடும் இருக்கும். ஒரு குடும்ப விழாவுக்கு அவரையும் அழைத்துப் போங்கள். அங்கே மற்ற உறுப்பினர்களின் மனைவிமாரோடு அரைமணி நேரம் பேசினால் நீங்கள் ஒரு மாதம் விளக்குவதைவிட அதிகம் தெளியும்.

இப்ப சென்னை, அடுத்த வருஷம் சிங்கப்பூர் போயிடுவேன். எங்கே சேரட்டும்?

போகும் இடத்தில். மூன்று படிகளையும் ஒரே லாட்ஜில் முடிப்பதே நல்லது. நடுவில் ஊர் மாறினால் அனுமதிக் கடிதங்களுக்கே மாதங்கள் ஓடும். சிங்கப்பூரில் கோல்மன் தெருவில் ஃப்ரீமேசன்ஸ் ஹால் இருக்கிறது. இலங்கையில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து மூன்றின் கீழும் லாட்ஜுகள் உண்டு. மேலே சொன்ன கடிதத்தையே அங்கும் எழுதலாம்.

ஏற்கெனவே சேர்ந்தவர் என்றால் கிராண்ட் லாட்ஜ் சான்றிதழையும் சந்தா கட்டிய ரசீதையும் எடுத்துப் போங்கள். இவை இல்லாமல் போனால் வாசலில் வாளோடு நிற்கும் டைலர் (வாயில்காவலர்) எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் உள்ளே விட மாட்டார்.

சேர்ந்த பிறகு பிடிக்கலைன்னா வெளியே வர முடியுமா?

முடியும். செயலாளருக்கு ராஜினாமாக் கடிதம் எழுதி, அன்றுவரை உள்ள சந்தா பாக்கியைக் கட்டினால் போதும். யாரும் துரத்த மாட்டார்கள், மிரட்ட மாட்டார்கள். ரகசியம் காப்பேன் என்ற வாக்கு மட்டும் தொடரும்.

பாக்கி வைத்துவிட்டுச் சொல்லாமல் நின்றுவிடுவதுதான் பிரச்சினை. அப்படி நின்றவரை லாட்ஜ் நீக்கிவிடும். பத்து வருடம் கழித்து மனம் மாறித் திரும்ப வர நினைக்கும்போது அந்தப் பாக்கி அப்படியே நிற்கும். ராஜினாமா செய்யும்போது ‘நிலுவை இல்லை’ என்ற சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். வேறு ஊரில், வேறு லாட்ஜில் திரும்பச் சேர முதலில் கேட்கப்படுவது அந்தத் தாள்தான்.